உயிரைக் காக்கப் பொய் எதற்கு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘பிறவாத உயிரைக் காக்க ஒரு கத்தோலிக்கர் பொய் சொல்லலாமா, கூடாதா?’ என்பது தலைப்பு. கூடவே கூடாது என்று பேச வந்திருக்கிறேன். எதிரணியில் உட்கார்ந்திருப்பவர்கள் எனக்கு எதிரிகள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவான கணத்திலிருந்தே மனித உயிரை மதித்துக் காக்க வேண்டும் என்கிறது திருச்சபையின் அதிகாரப்பூர்வப் போதனை நூலான மறைக்கல்வி, 2270-ஆம் எண். அதை அவர்களும் நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன். அந்த உயிருக்காக எதைக் கையில் எடுப்பது என்பதில்தான் வழக்கு.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வி கேட்டார். “கண்ணெதிரே ஒரு பிள்ளை சாகப்போகிறது. ஒரு பொய் சொன்னால் பிழைத்துவிடும். உங்கள் நாக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பிள்ளையைச் சாக விடுவீர்களா?” அரங்கம் கைதட்டியது. எனக்கும் நெஞ்சில் தைத்தது. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

அடுத்து வந்த சகோதரி ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்று குறளை ஆரம்பித்தார். பாதி அவை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அந்தக் குறள் ‘புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்றுதான் முடிகிறது. யாருக்கும் எந்தக் குற்றமும் சேராத நன்மையாக இருக்க வேண்டும் என்பது வள்ளுவரே வைத்த நிபந்தனை. பயந்துபோய் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை ஏமாற்றிப் பெறும் நன்மை அதில் தேறுமா? தேறாது. இருந்தாலும், வள்ளுவர் அங்கே ஒரு கதவைக் கொஞ்சம் திறந்துதான் வைத்திருக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. நம் தலைப்பு கத்தோலிக்கரைப் பற்றியது. அதனால் அவருடைய வீட்டுக்குள்ளேயே போய்ப் பார்ப்போம்.

இந்த வழக்கு அங்கே ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழசு. கி.பி. 420 வாக்கில் கொன்சென்சியுஸ் என்பவர் புனித அகுஸ்தினாருக்கு ஒரு யோசனை எழுதி அனுப்புகிறார். திருச்சபை தவறான போதகர் என்று ஒதுக்கிய பிரிசில்லியனைப் பின்பற்றியவர்கள் தங்கள் கொள்கையைப் பொய்யால் மூடிக்கொண்டு திருச்சபை மக்களோடு கலந்திருந்த காலம் அது. நம் ஆட்களும் அவர்களைச் சேர்ந்தவர்கள்போல நடித்து, உள்ளே புகுந்து, அவர்களை வெளியே இழுத்துப் போட்டால் என்ன என்பது யோசனை. நோக்கம் நல்லது. எதிராளியோ பொய்யன். அகுஸ்தினார் என்ன செய்தார்? கூடாது என்று ஒரு நூலே எழுதினார். நம்பிக்கையைக் காக்கப் பொய் சொல்லலாம் என்று நாமே கற்பித்துவிட்டால், பிறகு அந்த நம்பிக்கையைப் பற்றி நாம் பேசும்போது மட்டும் எதை வைத்து நம்மை நம்புவார்கள் என்று கேட்டார்.

2011 பிப்ரவரியில் அமெரிக்காவில் இதே வழக்கு மறுபடி வந்தது. லைவ் ஆக்‌ஷன் என்ற கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்பு, பாலியல் தொழில் நடத்துகிறவர்கள்போல வேடமிட்டவர்களை ரகசிய கேமராவோடு, கருக்கலைப்பும் செய்துதரும் பிளான்டு பேரன்ட்ஹுட் என்ற அமைப்பின் மருத்துவமனைகளுக்கு அனுப்பிப் படம் பிடித்தது. நியூ ஜெர்சியில் ஒரு ஊழியர் வேலையிழந்தார். “பார்த்தீர்களா, பொய் பலித்தது” என்றார் எதிரணித் தலைவர். அவர் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. உயிரைக் காக்க வாழ்நாளெல்லாம் எழுதிய கத்தோலிக்க மெய்யியலாளர்களே அப்போது இரண்டாகப் பிரிந்து நின்று வாதாடினார்கள். 2015-இல் இன்னொரு குழு பயோமேக்ஸ் என்ற போலி நிறுவனத்தின் பெயரில் உள்ளே நுழைந்து, கலைக்கப்பட்ட சிசுக்களின் உறுப்புகளைப் பற்றிய பேச்சைப் பதிவு செய்தது. கேட்டால் குலை நடுங்கும் பேச்சு. ஆனால் நீதிமன்றத்தில் என்ன நடந்தது? போலி அடையாள அட்டை, போலி நிறுவனம், ரகசியப் பதிவு என்று விவாதம் படமெடுத்தவர்கள் பக்கம் திரும்பியது. 2019 நவம்பரில் அவர்களுக்கு எதிராக 20 லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு நியாயமா என்று நான் இங்கே வழக்காடவில்லை. பேச வேண்டிய பொருள் அந்தச் சிசுக்கள். பேசப்பட்டதோ நம் போலிப் பெயர்கள்.

சரி, மறைக்கல்வி என்ன சொல்கிறது? “உண்மையை அறிய உரிமை இல்லாதவனிடம் பொய் சொன்னால் அது பொய்யே ஆகாது” என்று எதிரணி வாதிட்டது. இந்த வாதத்துக்கு ஒரு காலத்தில் இடம் இருந்தது. 1992-இல் வெளிவந்த முதல் பதிப்பின் 2483-ஆம் எண், உண்மையை அறிய உரிமையுள்ள ஒருவரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச் செல்வதே பொய் என்றது. 1997-இல் அதிகாரப்பூர்வமான இலத்தீன் பதிப்பு வந்தபோது அந்த ‘உரிமையுள்ள’ என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். 2485-ஆம் எண், பொய் அதன் இயல்பிலேயே கண்டிக்கத்தக்கது என்கிறது. 2489-ஐயும் மறக்காமல் படியுங்கள்: அறிய உரிமையற்றவரிடம் உண்மையை வெளியிட யாருக்கும் கடமையில்லை. அதாவது வாயை மூடிக்கொள்ளலாம், பதிலை மறுக்கலாம், கதவைச் சாத்தலாம். பொய்தான் சொல்லக்கூடாது.

“அதெல்லாம் ஏட்டில் எழுதலாம், நெருக்கடியில் நடக்குமா?” என்றார்கள். நடந்திருக்கிறது. அகுஸ்தினாரே எழுதி வைத்திருக்கிறார். அவருடைய சொந்த ஊரான தகாஸ்தேயில், அவர் காலத்துக்கு முன்னால், பிர்முஸ் என்று ஓர் ஆயர். பேரரசர்கள் இன்னும் கிறிஸ்தவர்களாகாத காலம். உயிருக்குப் பயந்து ஓடிவந்த ஒருவனை அவர் ஒளித்து வைத்திருக்கிறார். அரசனின் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். ‘இங்கே யாரும் இல்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பிர்முஸ் சொன்னார்: என்னால் பொய் சொல்லவும் முடியாது, அவனைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது. சித்திரவதை செய்தார்கள். மறுபடி கேட்டார்கள். அதே பதில். கடைசியில் அரசன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த மனிதரின் உறுதியைப் பார்த்து வியந்துபோன அரசன், ஒளிந்திருந்தவனுக்கு மன்னிப்பே கொடுத்துவிட்டான்.

எப்போதும் இப்படி நல்லபடியாக முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. முடியாமலும் போயிருக்கலாம். ‘பொய் சொல், இல்லையென்றால் காட்டிக்கொடு’ என்று இரண்டே வழியைத்தான் எதிரணி நம் முன்னால் வைக்கிறது. பிர்முஸ் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்கான விலையைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார்.

எகிப்தின் மருத்துவச்சிகள் சிப்ராவையும் பூவாவையும் எதிரணி அழைத்து வந்தது. எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம், ‘நாங்கள் போவதற்குள் அவர்கள் பெற்றுவிடுகிறார்கள்’ என்று சாக்குச் சொன்னவர்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்பது உண்மை. எதற்காக? அவர்கள் கடவுளுக்கு அஞ்சினார்கள், அதனால் என்று அதே அதிகாரம் காரணத்தையும் சொல்கிறது. பலன் அவர்களுடைய இரக்கத்துக்கும் இறையச்சத்துக்கும் கிடைத்தது, பொய்க்கு இல்லை என்று அகுஸ்தினாரும் புனித தாமஸ் அக்வினாஸும் விளக்கினார்கள். எல்லாப் புனிதர்களும் ஒரே குரலில் பேசவில்லை என்பதும் தெரியும். மிகப் பெரிய நெருக்கடியில் பொய்யை மருந்துபோல் எடுத்துக்கொள்ளலாம் என்று யோவான் கசியான் எழுதினார். யோவான் கிறிசோஸ்தோமும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தவர். இத்தனை பெரியவர்கள் மாறுபட்ட பிறகும் திருச்சபை அகுஸ்தினார் வழியில் வந்து நிற்கிறதே, ஏன்?

யோவான் நற்செய்தி 8-ஆம் அதிகாரம், 44-ஆம் வசனம். அலகையைப் பற்றி, அதாவது சாத்தானைப் பற்றி, இயேசு இரண்டு செய்திகளை ஒரே மூச்சில் சொல்கிறார். அவன் தொடக்கமுதல் கொலையாளி. அவன் பொய்யன், பொய்க்குப் பிறப்பிடம். கொலையும் பொய்யும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்கிறார் ஆண்டவர். அக்காளை எதிர்க்கத் தங்கையைக் கூலிக்கு அமர்த்தலாம் என்கிறது எதிரணி!

1995 மார்ச் 25 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ‘வாழ்வின் நற்செய்தி’ என்ற சுற்றுமடலை வெளியிட்டார். அதன் 58-ஆம் எண்ணில், உண்மையை நேருக்கு நேர் பார்க்கவும், எதையும் அதற்குரிய பெயராலேயே அழைக்கவும் துணிவு வேண்டும் என்கிறார். கருவை அழிப்பதை மழுப்பலான வார்த்தைகளால் மறைக்கிறார்களே என்ற வேதனையில் எழுதியது அது. மற்றவர்கள் முகமூடியைக் கழற்ற வேண்டும் என்று கேட்கிற நாம், நமக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு போய் நிற்கலாமா?

ஓர் ஆலோசனை அறையை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் வருகிறாள். கர்ப்பம் தரித்தது வீட்டுக்குத் தெரியாது. காரணமானவன் போனை எடுப்பதில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே இருப்பவர் நல்லவர், செபிக்கிறவர். ‘இன்னும் நிறைய நாள் இருக்கிறது, அவசரப்படாதே’ என்று வாரக் கணக்கை மாற்றிச் சொல்கிறார். அல்லது ‘கலைத்தால் மார்பகப் புற்றுநோய் வரும்’ என்கிறார். கருக்கலைப்பு மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதில்லை என்று 2003-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் கூட்டிய நூற்றுக்கு மேற்பட்ட வல்லுநர்கள் முடிவு சொல்லிவிட்டார்கள். அன்று இரவு அவள் செல்பேசியில் தேடிப் பார்க்கிறாள். சொன்னது பொய் என்று தெரிகிறது. ஏற்கெனவே ஒருவனால் ஏமாற்றப்பட்டவள் அவள். இப்போது இரண்டாவது முறை. இதற்குப் பிறகு அதே வாய் ‘உன் வயிற்றில் இருப்பது ஓர் உயிர்’ என்று சொன்னால், அந்த உண்மையும் பொய்க் கணக்கில்தானே சேரும்? நம்மிடம் இருக்கும் ஒரே சொத்து அந்த உண்மை. அதை நாமே செல்லாக்காசாக்கலாமா?

அந்த உண்மைக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒரு சாட்சி. பெர்னார்ட் நாதன்சன். நியூயார்க் மருத்துவர். 1969-இல் கருக்கலைப்புச் சட்டங்களை நீக்கப் போராடிய நேரல் அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர். தன் பொறுப்பில் சுமார் 75,000 கருக்கலைப்புகள் நடந்ததாக அவரே சொன்னார். சட்டவிரோதக் கருக்கலைப்பால் ஆண்டுக்கு 5,000 முதல் 10,000 பெண்கள் சாகிறார்கள் என்று அவருடைய இயக்கம் பிரசாரம் செய்தது. அந்த எண் பொய் என்று தெரிந்தேதான் பயன்படுத்தினோம் என்று 1979-இல் எழுதினார். அவர் மனம் மாற முக்கியமான காரணம் என்ன? யாரும் வேடம் போட்டு அவரை ஏமாற்றவில்லை. அல்ட்ராசவுண்ட் திரையில் கருவைப் பார்த்தார். இருப்பதை இருப்பதாகக் காட்டும் ஒரு கருவி போதுமானதாக இருந்தது. 1996 டிசம்பரில் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கரானார். எண்களைத் திரித்து எழுப்பிய ஓர் இயக்கத்தை விட்டு வெளியே வந்தவரிடம் போய், நாங்களும் திரிப்போம், ஆனால் நல்லதற்காக என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது அந்த முதல் கேள்வி. ஒரு பொய்யால் ஒரு பிள்ளை பிழைத்தால்? பிழைத்த பிள்ளைக்காக முழந்தாளிட்டு நன்றி சொல்வேன். பதறிப்போய் அந்தப் பொய்யைச் சொன்னவர் மீது கல்லெறிய மாட்டேன். அடுத்தவரைக் காக்கச் சொல்லும் பொய்யை அக்வினாஸ் சாவான பாவம் என்று சொல்லவில்லை. அற்பப் பாவம் என்றார். பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது, போய்ச் சொல்லிவிட்டு வரலாம். ஆனால் எதிரணி கேட்பது பதற்றத்தில் வாய் தவறுவதற்கு மன்னிப்பு இல்லையே! ஆள் பிடித்து, பயிற்சி கொடுத்து, போலி அட்டை அச்சடித்து, பொய்யை ஒரு முறையாகவே வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறார்கள். ‘நன்மை வரும்படி தீமை செய்வோம்’ என்று கிறிஸ்தவர்கள் சொல்வதாக யாரோ பழி சுமத்தியபோது, அது அவதூறு என்று உரோமையர் திருமுகத்தில் கொதித்தார் பவுலடியார். அந்த அவதூறுக்கு நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டாம்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு என் கேள்வி ஒன்றுதான். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண், எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, “நீங்கள் சொன்னதெல்லாம் உண்மைதானா?” என்று உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். கட்டாயம் கேட்பாள். அப்போது என்ன சொல்வீர்கள்? அதை மட்டும் இந்த மேடையில் சொல்லிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.