போனில் டிவி: பவரைக் கூட்டினால் போதாதா?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: “நகரத்துக்குள் செல்போனில் ஒளிபரப்பு டிவி (இன்டர்நெட் இல்லாமல் கோபுரத்திலிருந்து நேராக வருவது) நன்றாக எடுக்கிறது, 30 கிலோமீட்டர் வெளியே போனால் படம் உறைந்துவிடுகிறது. அதே இடத்தில் மொட்டைமாடி ஆண்டெனா வைத்த வீட்டில் பளிச்சென்று தெரிகிறது. கோபுரத்தில் பவரை இரண்டு மடங்காக்கினால் சரியாகிவிடாதா?” இரண்டு நாளாக இந்தக் கேள்வி மண்டைக்குள் சுற்றுகிறது, ஏனென்றால் பதிலையும் அவரே சொல்லிவிட்டார். மொட்டைமாடி!

நான் எப்போதும் சொல்வதுதான், கோபுரத்தைப் பார்க்காதீர்கள், வாங்குகிற ஆண்டெனாவைப் பாருங்கள். மாடியில் இருப்பது 10 மீட்டர் உயரத்தில், கோபுரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தது. போனோ ஒன்றரை மீட்டர் உயரத்தில், பாதி உள்ளங்கைக்குள். டிவி அலை வருகிற 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 சென்டிமீட்டர், அதில் கால்பங்கு கம்பி வைக்கக்கூட போனில் இடம் கிடையாது. எல்லாம் சேர்ந்து மாடியைவிடப் போனுக்குக் குறைகிற சிக்னல் 30 டெசிபல் (சிக்னல் வித்தியாசத்தை அளக்கிற அலகு) தாண்டிவிடும், அதாவது 1000 மடங்கு. பவரை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல்.

ஒருமுறை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலை ஒரு குன்றுக்குப் பின்னால் இறங்கியது, பந்து கோல்கம்பத்துக்கு முன்னால் அந்தரத்தில் நின்றுவிட்டது. பழைய அனலாக் என்றால் புள்ளி புள்ளியாகவாவது ஏதோ தெரியும். டிஜிட்டலில் அந்தப் பேச்சே இல்லை, வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் சுத்தமாகப் போய்விடும்.

சரி, சின்னக் கோபுரங்களாக நிறைய வைக்கலாமே? தாராளமாக வைக்கலாம், எல்லாவற்றையும் ஒரே அலைவரிசையில் ஓட்டலாம். ஆனால் நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் பார்க்கிற கோபுரத்துக்கு ஆகிற அதே செலவு, வெளியே பத்துப் பேர் பார்க்கிற கோபுரத்துக்கும் ஆகும். அமெரிக்காவில் போன்களுக்கென்றே தனிக் கோபுரங்கள் போட்ட மீடியாஃப்ளோ என்ற டிவி சேவை, போதிய சந்தாதாரர்கள் சேராமல் 2011 மார்ச்சில் மூடப்பட்டது.

அந்த நேயர் கேட்டிருக்க வேண்டியது வேறு: சத்தத்தைக் கூட்டாமல் நிதானமாகப் பேசினால் கேட்குமா? கேட்கும். சந்தைக்கடை இரைச்சலில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்கிறோமே, அது மாதிரி. ஜப்பானில் 2006 ஏப்ரலில் வந்த ஒன்செக் என்ற போன் டிவி சேவை செய்தது அதைத்தான். ஒரு சேனலை 13 துண்டாக்கி, ஒரே ஒரு துண்டைப் போனுக்கு ஒதுக்கி, அதில் தகவலைக் குறைவாக, தவறு தாங்குகிற மாதிரி அனுப்பினார்கள். அதே கோபுரம்தான், ஆனால் படம் 320-க்கு 240 புள்ளி. சின்னப் படம்தான், கையகலத் திரைக்கு அது போதும், என்னைக் கேட்டால் கெட்டிக்காரத்தனமான பேரம்.

அதற்காகக் குன்றுக்குப் பின்னால் போகிற பஸ்ஸிலும் எடுக்கும் என்று சொல்லமாட்டேன். அந்தப் பந்து கோலுக்குள் போனதா என்று மறுநாள் பேப்பர் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். போகவில்லை.