ஒரே ஆம்ப், இரண்டு சேனல், இரண்டு சத்தம்: வால்வைக் குறை சொல்லும் முன்

வணக்கம் நேயர்களே. கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து பேசுகிறேன். மேசையில் நீங்கள் பார்ப்பது ஓசூரில் கிடார் வாசிக்கும் நண்பர் ஒருவருடைய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், அதாவது கிடார் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப். 1960களின் நடுவில் வெளிவந்த, முகப்புப் பலகை கறுப்பாக இருக்கும் வகை. நார்மல் சேனலில் வால்யூமை ஐந்தில் வைத்தால் வருகிற சத்தம் வைப்ரேட்டோ சேனலில் மூன்றிலேயே வந்துவிடுகிறது, ஆகவே நார்மல் சேனல் வால்வு (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) போய்விட்டது என்று அவர் முடிவு செய்துவிட்டார். புதிய வால்வு வாங்க பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் புறப்படவும் தயாராக இருந்தார். பேருந்துச் செலவு வேண்டாம், முதலில் ஆம்பைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னேன்.

வால்யூம் குமிழில் அச்சிட்டிருக்கும் எண் சத்தத்தின் அளவு அன்று. வந்த சிக்னலில் எவ்வளவை அடுத்த கட்டத்துக்கு விடுகிறோம் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. மேல்நிலைத் தொட்டிக் குழாயையும் தரைமட்டத் தொட்டிக் குழாயையும் ஒரே அளவு திறந்தாலும் தண்ணீர் ஒரே வேகத்தில் வராது அல்லவா, அதைப் போன்றதுதான் இதுவும். இந்த ஆம்பில் இரண்டு சேனல்களின் சர்க்யூட்டும் ஒன்றல்ல.

நார்மல் சேனலில் கிடார் சிக்னல் ஒரே வால்வின் இரண்டு பாதிகளில் இரண்டு முறை பெருக்கப்பட்டு, இரண்டு சேனல்களும் சேரும் கலவைப் புள்ளிக்கு நேராகப் போய்விடுகிறது. வைப்ரேட்டோ சேனலில் அதே இரண்டு கட்டங்களுக்குப் பிறகு எதிரொலி போன்ற ரிவெர்ப் ஒலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால், சிக்னல் 3.3 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கடந்து, மறுபக்கம் தரைக்குப் போகும் 220 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு பங்கிடப்பட்டு, ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கி, அதன்பின் நான்காவது வால்வின் ஒரு பாதியில் மூன்றாவது முறையாகப் பெருக்கப்படுகிறது. சுருங்கியதைவிடப் பெருகுவது அதிகம் என்பதால் இந்தச் சேனல் எப்போதும் ஒரு படி மேலேயே நிற்கும். அந்த 3.3 மெகா ஓமின் குறுக்கே 10 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருப்பதைக் கேமராவில் காட்டுகிறேன், பாருங்கள். கீச்சுப் பகுதி (ட்ரெபிள்) அதன் வழியே மற்றவற்றைவிடக் குறைவாகச் சுருங்கித் தாண்டிவிடும். போதாதற்கு இதே சேனலின் வால்யூம் குமிழில் 47 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் இன்னொன்றும் உண்டு. நார்மலில் அது கிடையாது. குமிழ் கீழே இருக்கும்போதுதான் இந்தக் கெப்பாசிட்டரின் வேலை கூடுதலாகத் தெரியும், மேலே ஏற்ற ஏற்ற மங்கிவிடும். கீச்சு தூக்கலாக இருக்கும் ஒலியை நம் காது சத்தம் அதிகம் என்றே எடுத்துக்கொள்வதால், மூன்றில் வைத்து ஒப்பிடுபவருக்கு வித்தியாசம் இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும்.

அதற்காக வால்வு ஒருபோதும் காரணமாகாது என்று நான் சொல்லவில்லை. காரணமா என்று பார்க்கக் காசு செலவில்லாத வழி இருக்கிறது. ஆம்பை அணைத்து, வால்வு ஆறியதும், பின்பக்கத்திலிருந்து பார்க்க வலது ஓரத்தில் இருக்கும் முதல் வால்வையும் அதற்கடுத்ததையும் இடம் மாற்றுங்கள். இரண்டும் 12ஏஎக்ஸ்7 இனம்தான். 7025 என்றோ ஈசிசி83 என்றோ அச்சிட்டிருந்தாலும் கவலையில்லை. நேராகப் பிடுங்காமல் மெதுவாக வட்டமாக அசைத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்பது ஊசிகளில் ஏதாவதொன்று வளைந்துவிடும். மாற்றிய பிறகும் நார்மல் சேனலே தணிவாக இருந்தால் அது சர்க்யூட்டின் இயல்பு. தணிவு வைப்ரேட்டோ பக்கம் நகர்ந்தால் வால்வுதான் பலவீனமாகிவிட்டது. நண்பரின் ஆம்பில் எதுவும் நகரவில்லை. கண்ணாடியின் தலையில் வெள்ளி போன்ற பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வால்வுக்குச் சோதனையே தேவையில்லை.

மாலையில் வயல் மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் இறங்குவதால் இப்படி ஆகுமா என்றும் நண்பர் கேட்டார். வோல்டேஜ் இறங்கினால் இரண்டு சேனலும் சேர்ந்தே சோரும். ஒன்றை மட்டும் அது தொடாது.

சில மார்ஷல் ஆம்புகளில் கதை வேறு. சூப்பர் லீடில் முதல் வால்வின் ஒரு பாதி ஒரு சேனலுக்கும் மறுபாதி இன்னொன்றுக்கும் வேலை செய்வதால், இப்படி இடம் மாற்றும் சோதனைக்கு அங்கே இடமில்லை. அதில் இரண்டு சேனல்களையும் சிறு கேபிளால் இணைத்து வாசிப்பவர்கள் ஏராளம். அதைப் பார்த்துவிட்டு டீலக்ஸ் ரிவெர்பிலும் செய்தால் ஒலி மெலிந்துபோகும். மூன்றாவது பெருக்கம் சிக்னலைத் தலைகீழாக்குவதால் இரண்டு சேனல்களும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இனி வால்வுத் தேர்வு. 12ஏஎக்ஸ்7இன் பெருக்கக் காரணி 100, 5751க்கு 70, 12ஏடி7க்கு 60, 12ஏஒய்7க்கு 45 அளவில், 12ஏயு7க்கு 20க்கும் கீழே. நூறிலிருந்து எழுபதுக்கு இறங்கினால் சத்தம் முப்பது சதவீதம் குறையும் என்று கணக்குப் போடாதீர்கள். அது 3 டெசிபல் அளவுதான், காதுக்குச் சற்றே தணிந்தது போலத் தெரியும். மாறுவது பெரும்பாலும் குமிழை எந்த எண்ணில் வைக்கிறோம் என்பதும், எவ்வளவு சீக்கிரம் ஒலி உடையத் தொடங்குகிறது என்பதும்தான். உச்சச் சத்தத்தைத் தீர்மானிப்பவை கடைசியில் இருக்கும் இரண்டு 6வி6 வால்வுகள், சுமார் 22 வாட்.

நண்பருக்கு நான் தேர்ந்தெடுத்தது, வைப்ரேட்டோ சேனலுக்கு உரிய, வலமிருந்து இரண்டாவது வால்வு இடத்தில் 5751. குமிழைத் தொட்டவுடன் சத்தம் பாய்ந்து வருவது அடங்கியது, ஒலியின் குணம் மாறவில்லை. 12ஏடி7 இன்னும் தணிவாயிற்றே என்று கேட்கலாம். அது அதிக மின்னோட்டத்துக்காக வடிவமைக்கப்பட்டது, இந்த இடத்தின் ரெசிஸ்டர்களோடு ஒத்துப்போகாமல் ஒலி வறண்டுவிடுவதாக எனக்குப் படுகிறது. ரிவெர்பை இயக்கும் இடத்திலும் 6வி6க்கு முந்தைய இடத்திலும் ஃபெண்டரே 12ஏடி7தான் வைத்திருக்கிறது, அவற்றை நான் தொடவில்லை.

வால்வுக்கு வெளிநாட்டுப் பெட்டியையே தேட வேண்டியதில்லை. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) ஒரு காலத்தில் வால்வு தயாரித்தது. தருமபுரிப் பக்கம் பழைய மைக் செட்காரர்களின் பரணில் பெல் முத்திரையோடு ஈசிசி83 கிடைத்தால் விடாதீர்கள். செருகிய பின் பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணி அடிப்பது போல் கேட்டால் அந்த வால்வு முதல் இடத்துக்கு ஆகாது.

இந்தச் சிறு வால்வுகளை மாற்றப் பயஸ் (சிக்னல் இல்லாதபோது வால்வு இழுக்கும் மின்னோட்டத்தின் அமைப்பு) பார்க்க வேண்டாம், 6வி6ஐ மாற்றினால் பார்த்தே ஆக வேண்டும். சத்தம் கூடும் என்று அங்கே 6எல்6 செருகிவிடாதீர்கள்: ஒவ்வொன்றின் ஹீட்டரும் 0.45 ஆம்பியருக்குப் பதில் 0.9 ஆம்பியர் இழுக்கும், டிரான்ஸ்பார்மர் சூடாகும். பயஸ் வேலைக்கு அடிப்பெட்டியைத் திறக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட் தங்கியிருக்கக்கூடும், அதை வடிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.