கப்பல் சீட்டும் விசாக் காசும்

எல்லாருக்கும் வணக்கம். "எங்க தாத்தா மலாயாவில் பட்ட பாட்டில் கால்வாசிகூட இந்தக் காலத்துப் பிள்ளைகள் படவில்லை" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. கப்பல் ஏறிய நாகப்பட்டினத்திலேயே நின்றுகொண்டு அதை மறுக்க எனக்குத் தைரியம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன செலவு யாருடையது?

முதலில் தாத்தா காலம். தோட்டத்துக்கு ஆள் திரட்டிக் கூட்டிப்போன கங்காணி வேற்றாள் இல்லை, பெரும்பாலும் சொந்தக்காரர் அல்லது ஊர்க்காரர். அவரை நம்பிப் பினாங்கு போனால், காலரா, அம்மை இருக்குமோ என்று ஜெரெஜாக் தீவில் தடுத்து வைப்பார்கள். அப்புறம் ரப்பர்த் தோட்டம். விடியுமுன் பெரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் சரியாக வடியாது. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும், திட்டு விழும். மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டும் இல்லை. மலேரியாவுக்குப் பலியானவர்கள் ஏராளம். 1942-43இல் ஜப்பானியர் சயாம், அதாவது தாய்லாந்து, ரயில் பாதை போட இழுத்துப்போன தோட்டத் தமிழர்களில் பல ஆயிரம் பேர் திரும்பவே இல்லை. அப்படிப்பட்ட சாவு இன்று இல்லை. அதைச் சொல்லாமல் இரண்டையும் ஒப்பிடுவது அநியாயம்.

ஆனால் பாருங்கள், 1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று வந்தது. தோட்ட முதலாளிகள் ஆள் கணக்குப்படி பணம் கட்டவேண்டும், கப்பல் சீட்டு அதிலிருந்து. கருணை ஒன்றும் இல்லை, ரப்பருக்கு ஆள் போதவில்லை, அவ்வளவுதான். கங்காணி கொடுத்த முன்பணம், தோட்டக் கடைப் பாக்கி என்று வேறு கடன்கள் கழுத்தை நெரித்தன. இருந்தாலும் சீட்டுக் காசு முதலாளியுடையது.

இப்போது? ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு நம் நாட்டுச் சட்டம் வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அந்தக் காசோடு வளைகுடா போனவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். (சிரிப்பு) ரசீது 30,000க்கு, மீதி கையில். அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கும், வட்டி ஓடிக்கொண்டிருக்கும். சொன்ன சம்பளம் ஒன்று, கொடுத்தது ஒன்று என்றாலும் பையன் வாய் திறக்கமாட்டான். திரும்பி வந்தால் கடனை யார் கட்டுவது?

சட்டங்கள் வந்திருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. தோட்டத்தில் யார் அப்படி நேரம் பார்த்தார்கள்? ஆனால் வேலை முடிந்து படுக்கிற இடம் இருக்கிறதே. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில், தொழிலாளர் தங்கியிருந்த கட்டடத்தில் விடிகாலையில் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் செத்தார்கள். அதில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. வீட்டுக்குப் பணம் அனுப்பப் போனவர்கள்.

சரி, நேரமாகிறது. வெளியே மேஜை போட்டு நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏஜெண்ட் பெயரைச் சொன்னால், அரசிடம் பதிவு செய்தவரா என்று இமைகிரேட் என்ற அரசு இணையதளத்தில் பார்த்துச் சொல்வார்கள். நகையை அடகு வைக்குமுன் வாருங்கள். வைத்த பிறகு வருகிறவர்கள்தான் அதிகம்.