பாரிமுனையிலிருந்து கந்தகோட்டம் வரை: ஜார்ஜ் டவுனில் ஒரு நிதானமான நடை

[காட்சி: பாரிமுனை சிக்னல், காலை நேரம். பஸ், ஆட்டோ, சரக்கு ஏத்தின மீன்பாடி வண்டிகள்.]

ஹைகோர்ட் மெட்ரோவுல இறங்கி மேல வந்தாச்சு. இந்தப் பக்கம் மரமும் சிவப்புக் கட்டடங்களுமா ஹைகோர்ட் வளாகம், விஸ்தாரமா கிடக்கு. என்.எஸ்.சி. போஸ் சாலையைத் தாண்டினா அந்தப் பக்கம் கடை மேல கடை, ஊசி நுழைய இடமில்ல. ஒரே ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு காலி, அந்தப் பக்கம் ஏன் இவ்வளவு நெருக்கடி? இந்தக் கேள்வியோட நடக்க ஆரம்பிங்க. ஜார்ஜ் டவுன் முழுக்க இதுக்கான பதில்தான் இருக்கு.

[காட்சி: கோட்டையின் பழைய வரைபடம். வடக்குச் சுவரை ஒட்டி நெருக்கமான வீடுகள்.]

1639-ல கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்க இடம் கிடைச்சுது, செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழும்புச்சு. கோட்டைக்கு வடக்கால நெசவாளிகள், சாயம் போடுறவங்க, துபாஷிகள்னு சொல்ற மொழிபெயர்ப்பாளர்கள், வியாபாரிகள்னு நம்ம ஜனங்க வந்து குடியேறினாங்க. கறுப்பர் நகரம்னு வெள்ளைக்காரங்க பேர் வெச்ச ஊர் அது. இப்ப ஹைகோர்ட் இருக்கிற இடத்துலதான் அந்த ஊர் இருந்துச்சு.

1746-ல பிரெஞ்சுக்காரங்க கோட்டையைப் பிடிச்சாங்க. மூணு வருஷம் கழிச்சுதான் இங்கிலீஷ்காரங்க கைக்குத் திரும்ப வந்துச்சு. 1758 டிசம்பர்ல பிரெஞ்சுத் தளபதி லாலி தலைமையில மறுபடியும் முற்றுகை. கறுப்பர் நகரத்து வீடுகளை மறைவா வெச்சுக்கிட்டு கோட்டையைத் தாக்கினாங்க. அது ஓய்ஞ்சதும் கம்பெனி ஒரு முடிவு பண்ணுச்சு: கோட்டைக்கு எதிர்ல பீரங்கி சுட வெட்டவெளி வேணும், குறுக்க எந்த வீடும் இருக்கக் கூடாது. ஒரு ஊரையே இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க. நாம பார்த்த காலி இடம் அப்படி வந்ததுதான்.

[காட்சி: டேர் ஹவுஸ் ஓரம். கல்தூண், கேமரா நெருங்குகிறது.]

பாரி கம்பெனிக் கட்டடமான டேர் ஹவுஸை ஒட்டி நிக்கிற இந்தக் கல்தூணைப் பாருங்க. 1773 ஜனவரி 1-னு பொறிச்சிருக்கு. இந்த எல்லையைத் தாண்டி கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாதுன்னு நட்ட தூண். மொத்தம் ஆறு நட்டாங்க, மிஞ்சினது இது ஒண்ணுதான். தினம் ஆயிரக்கணக்கான பேர் கடந்து போற இடம். சென்னை ஏன் இப்படி வளர்ந்துச்சுன்னு சொல்ல இதைவிட நல்ல சாட்சி இந்த ஊர்ல கிடையாதுங்கிறது என் எண்ணம்.

ஹைகோர்ட் கட்டடம் 1892-ல திறந்தது. அதோட உச்சிக் கோபுரம் 1977 வரைக்கும் கலங்கரை விளக்கமாவும் வேலை செஞ்சுது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டப்போ ஒரு குண்டு இந்த வளாகச் சுவர்ல விழுந்துச்சு. அந்த இடத்துல ஒரு கல்வெட்டு இருக்கு. பார்த்துட்டு ரோட்டைக் கடந்துடுங்க, நமக்கு வேலை அந்தப் பக்கம்.

[காட்சி: தம்பு செட்டித் தெரு, காளிகாம்பாள் கோயில் கோபுரம்.]

தம்பு செட்டித் தெருவுல காளிகாம்பாள். இவளுக்குக் கோட்டையம்மன்னும் பேர் உண்டு. முன்னாடி கோட்டைப் பக்கம் இருந்தவள், பிறகு இங்க வந்தவள். 1677 அக்டோபர் 3-ம் தேதி சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டுப் போனதா கோயில்ல எழுதி வெச்சிருக்காங்க. பாரதியார் சுதேசமித்திரன்ல வேலை பார்த்த காலத்துல அடிக்கடி வந்த சந்நிதி இது.

[காட்சி: ஆர்மீனியன் தெரு. மரக்கதவு, உள்ளே முற்றம்.]

அடுத்து ஆர்மீனியன் தெரு, நம்ம ஆளுங்க அரண்மனைக்காரத் தெருன்னு சொல்ற தெரு. இங்க மட்டும் அவசரப்படாதீங்க. ஆர்மீனியத் தேவாலய வாசலைத் தாண்டி உள்ள போனதும் தெருச் சத்தம் பாதியா குறைஞ்சிடும். ஆர்மீனிய வியாபாரிகள் 1712-ல கட்டின தேவாலயம் அந்தப் போர்க் காலத்துல அழிஞ்சுபோச்சு. தங்களோட இடுகாட்டுலயே 1772-ல இதை எழுப்பினாங்க. அதனாலதான் முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள். குனிஞ்சு பார்த்தா சுழிச்சுச் சுழிச்சு ஆர்மீனிய எழுத்து. சில கல்லுல வியாபாரியோட தொழிலும் செதுக்கியிருக்காங்க.

இங்க அடக்கமானவங்கள்ல ஒருத்தர் ஷ்மாவோனியன் பாதிரியார். 1794-ல 'அஸ்தரார்'னு ஒரு இதழ் நடத்தினார். உலகத்துலயே முதல் ஆர்மீனிய இதழ் அதுதான், அச்சானது நம்ம சென்னையில. சைதாப்பேட்டையில அடையாத்து மேல முதல் பாலம் கட்டினதும் ஓர் ஆர்மீனியர்தான்: பெட்ரஸ் உஸ்கான், 1726-ல, சொந்தக் காசுல.

தனியா நிக்கிற மணிக்கூண்டுல ஆறு மணி. லண்டன்ல வார்த்த மணிகளும் உண்டு, தமிழ் எழுத்துப் பொறிச்ச மணியும் ஒண்ணு உண்டு. இன்னைக்குச் சென்னையில ஆர்மீனியக் குடும்பங்கள் இல்லைன்னே சொல்லலாம். கொல்கத்தாவுல இருக்கிற அவங்க சபைதான் பராமரிக்குது. இவ்வளவு சுத்தமா, இவ்வளவு அக்கறையா வெச்சிருக்கிறதைப் பார்க்கும்போது மனசு நெகிழ்ந்துடும்.

[காட்சி: பிராட்வே. பிறகு வரிசையாகச் சந்துகள்.]

பிராட்வேன்னு சொல்ற பிரகாசம் சாலை ஒரு காலத்துல ஓடை. கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. ஸ்டீபன் பாப்பம்னு ஒரு வக்கீல் அதைத் தூர்த்து ரோடு போட்டார். இப்ப தாண்டுறதே பெரும்பாடு, போலீஸ் கை காட்டினதும் கூட்டத்தோட கூட்டமா போயிடுங்க.

இனிமே தெருப் பேரைச் சொன்னா சரக்கைச் சொல்லிடலாம். கோடவுன் தெருவுல ஜவுளி. ஆண்டர்சன் தெருவுல பேப்பரும் கல்யாணப் பத்திரிகையும். அப்பா, அம்மா, மாமான்னு ஒரு குடும்பமே உட்கார்ந்து மாதிரி ஆல்பத்தைப் புரட்டிக்கிட்டிருக்கும். "மஞ்சள் பார்டர் போட்டதைக் காட்டுங்க"ன்னு அம்மா கேட்பாங்க. "அதுல முருகர் வரல, பிள்ளையார்தான் இருக்கு"ன்னு கடைக்காரர் அடுத்த கட்டை அவிழ்ப்பார். வெளிய "ஓரம், ஓரம்!"னு குரல் வந்தா உடனே ஒதுங்கிடுங்க. பின்னாடி பேப்பர் ரீம் அடுக்கின வண்டி வரும், பிரேக் பிடிச்சாலும் நிக்காது.

[காட்சி: தேவராஜ முதலித் தெரு, பட்டணம் கோயில் கோபுரங்கள்.]

பூக்கடைப் பக்கம் சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீஸ்வரரும் அக்கம்பக்கமா இருக்காங்க. பட்டணம் கோயில்னு பேர். இவங்க முதல்ல இருந்ததும் இப்ப ஹைகோர்ட் இருக்கிற இடத்துலதான். அங்க கோயிலை இடிச்சதும் கம்பெனி இழப்பீடு கொடுத்துச்சு. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் தன் பணத்தைப் போட்டு, ஊர்க்காரங்க கிட்டயும் திரட்டி இங்க எழுப்பினார். வீடு போச்சு, கோயில் போச்சு, ஆனா யாரும் ஊரை விட்டுப் போகல. அரை மைல் தள்ளி வந்து, தெரு தெருவா, சாமியோட சேர்த்து மறுபடியும் கட்டிக்கிட்டாங்க. கோட்டை கட்டினவங்க பேரை எல்லாப் பாடப் புத்தகமும் சொல்லுது. இந்த ஊரைக் கட்டினவங்க பேர் இங்க தெருப் பலகையிலதான் இருக்கு: தம்பு செட்டி, லிங்கி செட்டி, கோவிந்தப்ப நாயக்கன், ராசப்ப செட்டி.

[காட்சி: ராசப்ப செட்டித் தெரு. கந்தகோட்டம் குளம்.]

ராசப்ப செட்டித் தெருவுல திரும்பும்போதே நாட்டு மருந்து வாசனை வந்துடும். சுக்கு, திப்பிலி, வசம்பு, அதிமதுரம் எல்லாம் சாக்குல வாயைத் திறந்து வெச்சிருப்பாங்க. அதுக்கு நடுவுல கந்தகோட்டம். வெளியில இருந்து பார்த்தா உள்ள ஒரு குளம் இருக்கும்னே தோணாது. பக்கத்துல ஏழுகிணறு வட்டாரத்துல வளர்ந்த வள்ளலார் சின்ன வயசுலயே இந்த முருகனைப் பாடினவர். குளத்துப் படியில கொஞ்ச நேரம் உட்காருங்க. மதியம் நடை சாத்திடுவாங்க, அதுக்குள்ள வந்து சேர்ற மாதிரி பார்த்துக்குங்க.

ஞாயித்துக்கிழமை வந்தா தெரு காலியா இருக்கும், கட்டடங்களை நிமிர்ந்து பார்க்கலாம். ஆனா முக்கால்வாசிக் கடை பூட்டியிருக்கும். என்னைக் கேட்டா கிழமை நாள்ல காலையில வாங்க. சாயங்காலம் வரைக்கும் இருக்க முடிஞ்சா பீச் ஸ்டேஷன் பக்கம் போய், 1960-கள்ல பர்மாவுல இருந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க கொண்டுவந்த அத்தோவைச் சாப்பிட்டுப் பாருங்க. நூடுல்ஸ், முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், மிளகாய்த்தூள், புளித்தண்ணி எல்லாத்தையும் கையாலயே பிசைஞ்சு தருவாங்க. காரம் எவ்வளவு வேணும்னு முதல்லயே சொல்லிடுங்க, கூட வாழைத்தண்டு சூப்பையும் கேட்டு வாங்கிக்குங்க.