பேசிப் பழக ஒரு நகரம்

மும்பைத் தமிழ் நேயர்களுக்கு வணக்கம்.

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் என்று நம் குடும்பங்கள் இருக்கும் எந்தப் பகுதிக்குப் போனாலும் ஒரு குறை என் காதில் விழும். "பையன் நல்லா படிக்கிறான் சார். ஆனா நாலு பேர் முன்னாடி வாயைத் திறக்க மாட்டேங்கிறான்." மகளைப் பற்றியும் இதே பேச்சுதான். உடனே ஒரு புத்தகம் வாங்கிக் கொடுக்கிறார்கள், இல்லையென்றால் பணம் கட்டி ஒரு வகுப்பில் சேர்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சயானில் நம் இளைஞர்களை நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்வது என் வேலை. கேட்டுப் பார்த்தால் அவர்களுக்கு எல்லாம் தெரியும். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், எதிரில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், வெறும் ஆமாம் இல்லையில் முடியாத கேள்வியாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் ஒப்பிப்பார்கள். அந்த அறைக்குள் புதிதாக ஒருவர் வந்து உட்காரட்டும், அத்தனை தலையும் குனிந்துவிடும்.

பேச்சு நடக்கும் வேகத்தைப் பார்த்தால் காரணம் புரியும். பத்து மொழிகளில் நடக்கும் உரையாடல்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. ஒருவர் கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கும் இடையில் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கிறது. அதற்குள் படித்த விதியை நினைவுக்குக் கொண்டுவந்து, வாக்கியம் அமைத்து, அப்புறம் பேசுவது நடக்கிற காரியமா? வார்த்தை தானாக வர வேண்டும். பலமுறை பேசிய வாய்க்குத்தான் அது தானாக வரும்.

பயமும் அப்படித்தான் குறைகிறது. இங்கிலாந்தில் பணியாற்றும் உளவியலாளர் ஜிலியன் சாண்ட்ஸ்ட்ராமும் அவருடைய சகாக்களும் 2022-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு வாரத்துக்கு ஒரு விளையாட்டு. அதில் சொல்லப்பட்ட அடையாளம் உள்ள, முன்பின் தெரியாத ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பிரிவினர் அந்த ஆளிடம் போய்ப் பேச வேண்டும். இன்னொரு பிரிவினர் பார்த்துவிட்டு வந்தால் போதும். வார முடிவில் பேசியவர்களுக்கு, எதிராளி முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்ற அச்சம் குறைந்திருந்தது, தன்னால் பேச முடியும் என்ற எண்ணம் கூடியிருந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது பிரிவுதான். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களுக்கு அந்த அளவு மாற்றம் வரவில்லை. வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தள்ளும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

சரி, எங்கே பழகுவது? இந்த விஷயத்தில் மும்பையைப் போல ஓர் ஊர் கிடைக்காது. லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்காவதாக ஒருவர் ஒட்டிக்கொள்வது இங்கே வழக்கம். அதற்கு வாயைத் திறந்து "தோடா கிஸ்கோ", கொஞ்சம் நகருங்கள், என்று கேட்க வேண்டும். நிற்பவர்கள் உட்கார்ந்திருப்பவரிடம் "கஹாங் உதர்னா ஹை?" என்று கேட்டு, அவர் இறங்கியதும் அந்த இடத்தைப் பிடிப்பார்கள். தாதரில் இறங்குகிறேன், குர்லாவில் இறங்குகிறேன் என்று பதில் வரும். யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்க ஒரு காரணம் இருக்கிறது, பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும், கேட்டவரை நாளைக்குப் பார்க்கப் போவதுமில்லை. கூச்சம் உள்ளவருக்கு இதைவிடப் பத்திரமான தொடக்கம் ஏது?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வரும் பெண்களுக்கு இந்தியே பெரிய தடையாகத் தெரியும். லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் கொஞ்ச நாள் போய் வந்தாலே தெரிந்துவிடும், இந்த ஊர் இந்தியில் ஆண்பால் பெண்பால் பார்த்து யாரும் மதிப்பெண் போடுவதில்லை. கிளிப் விற்க வரும் பெண்ணிடம் விலை கேளுங்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரே கீரைக்காரரிடம் தொடர்ந்து வாங்குங்கள். முதலில் விலை மட்டும், அடுத்த வாரம் அந்தக் கீரை எங்கிருந்து வருகிறது என்று. தேவையில்லாத அந்த ஒரு கேள்வியில்தான் பழக்கம் ஆரம்பமாகிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காதில் இயர்போன் மாட்டியிருப்பவர், கண்ணை மூடியிருப்பவர், ஒரு வார்த்தையில் பதில் சொல்லித் திரும்பிக்கொள்பவர் ஆகியோரை விட்டுவிட வேண்டும். தனியாக வரும் பெண்ணிடம் பேசிப் பழகுகிறேன் என்று எந்தத் தம்பியும் கிளம்ப வேண்டாம். பேச விருப்பமில்லை என்பதை முகத்தில் படிப்பதும் இந்தப் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

கூச்சம் உள்ளவர்கள் பேசும்போதும் ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். கையில் போன் இருக்கும், கண் தரையில் இருக்கும், மனது அடுத்த வாக்கியத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கும். இவை பயத்தைக் காப்பாற்றி வைக்கின்றன என்று டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் 1995-இல் விளக்கினார்கள். கவனம் முழுவதும் 'நான் எப்படித் தெரிகிறேன்' என்பதில் இருந்தால், எதிரில் இருப்பவர் சிரித்ததுகூடக் கண்ணில் படாது. அதனால் என் மாணவர்களிடம் 'எப்படிப் பேசினாய்?' என்று கேட்பதை விட்டுவிட்டேன். 'அவர் என்ன சொன்னார்?' என்றுதான் கேட்கிறேன்.

தாராவியில் ஒரு தோல் பட்டறையில் கணக்கு எழுதும் தம்பி எங்கள் குழுவுக்கு வருகிறார். பி.காம். படித்தவர். பாக்கி கேட்டுப் போன் செய்வதை எப்போதும் முதலாளி தலையில் கட்டிவிடுவார். முதல் போனை எழுதி வைத்துப் படித்தார். குரல் நடுங்கியது, பாக்கியும் வரவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி செய்தார். இப்போது முதலாளி ஊருக்குப் போனால் வசூல் இவர் பொறுப்பு. குரல் இன்றும் லேசாக நடுங்கும். அது பாட்டுக்கு நடுங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வேலைக்கோ கல்லூரிக்கோ போகவே முடியாத அளவுக்குப் பயம் இருந்தால் நான் சொல்லும் பயிற்சி போதாது. அதற்குச் சிகிச்சை உண்டு, மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாகப் பெற்றோரிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். "அவன் கூச்சப்படுவான், நான் கேட்கிறேன்" என்று பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் பிள்ளைக்காக நீங்கள் பேசும்போது, அவனுக்குக் கிடைக்க வேண்டிய ஒரு பயிற்சியை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தையைவிடத் தானே செய்து முடித்த அனுபவம் பலமானது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-லேயே எழுதினார். நாளைக்கு கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று ஏஜென்சிக்குக் கேட்க வேண்டியிருந்தால், போனை மகள் கையில் கொடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்காதீர்கள். அவள் திணறினாலும் சமையலறைக்குள் போய்விடுங்கள், சிலிண்டர் ஒரு நாள் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை.

வணக்கம்.