மருந்துப் புட்டியில் எழுதிய குடும்பப் பெயர்

[திரையில்: தண்ணீரில் மிதக்கும் ஆரஞ்சு நிற மருந்துப் புட்டிகள்]

2018 மார்ச் 10, சனிக்கிழமை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குள் ஒரு எகிப்தியக் கோயில் இருக்கிறது. நைல் நதிக்கரையிலிருந்து கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கியது. அதன் முன்னால் ஒரு சிறு குளம். பார்வையாளர்கள் படமெடுத்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குளத்தில் மருந்துப் புட்டிகள் வந்து விழுகின்றன, நூற்றுக்கணக்கில். வீசியவர்கள் அப்படியே தரையில் பிணம்போலப் படுத்துக்கொள்கிறார்கள்.

இதற்குத் தலைமை தாங்கியவர் 64 வயதுப் பெண்மணி. அவர் எடுத்த புகைப்படங்கள் அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பத்திரமாக இருக்கின்றன!

வணக்கம். இன்றைக்கு அவரைப் பற்றியும், இரண்டு குடும்பங்களைப் பற்றியும் பேசப் போகிறோம். காபி வேண்டுமானால் இப்போதே போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

[திரையில்: பழைய ஸ்லைடு புரொஜெக்டர்]

பெயர் நான் கோல்டின். ஆமாம், தமிழில் எழுதினால் 'நான்'. இவ்வளவு பொருத்தமான பெயர் வேறு எந்தப் புகைப்படக்காரருக்கும் அமைந்திருக்காது. இவர் படமெடுத்ததெல்லாம் தன் வாழ்க்கையைத்தான்: நண்பர்கள், அவர்களுடைய கட்டில், குளியலறை, போதை, காதலனிடம் அடிபட்டு வீங்கிய தன் கண். 1980களில் எழுநூறு படங்களை ஸ்லைடுகளாக்கி, பாட்டுப் போட்டு, நியூயார்க் இரவு விடுதிகளில் முக்கால் மணி நேரம் ஓட்டினார். படத்தில் இருப்பவர்களேதான் பார்வையாளர்கள். கல்யாண வீடியோ போட்டால் வீடே கூடி "அதோ நான், அதோ சித்தி" என்று கத்துமே, அதேதான். கல்யாணம் மட்டும்தான் இல்லை.

1986இல் அது புத்தகமாக வந்தது. சமர்ப்பணம், அக்கா பார்பராவுக்கு.

இந்த அக்காவைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. 1965இல் பதினெட்டு வயதில் தற்கொலை செய்துகொண்டவர். தங்கைக்கு அப்போது பதினொன்று. பிள்ளைகளிடம் அதை ஒரு விபத்து என்று சொல்லிவிடவே அம்மா விரும்பினார். நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆவது என்ற கவலை எல்லா ஊரிலும் ஒன்றுதான்போல. நடந்ததை அழிக்கவிடாமல் பதிவு செய்யும் பிடிவாதம் கோல்டினுக்கு அந்த வீட்டில்தான் பிடித்துக்கொண்டது.

[திரையில்: கோபுரம், மூன்று ஜன்னல்கள்]

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டேன், கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2004இல் பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனைத் தேவாலயத்தில் இவர் ஒரு படைப்பை வைத்தார். அந்த மருத்துவமனையின் கதை தெரியுமா? வீட்டுக்கு அடங்காதவள், புத்தி பேதலித்தவள் என்று முத்திரை குத்திய பெண்களை ஒரு காலத்தில் அடைத்து வைத்த இடம். அங்கே மூன்று திரைகள், மூன்று கதைகள். முதலாவது புனித பார்பரா. அப்பா மகளைக் கோபுரத்தில் பூட்டி வைக்கிறார். இரண்டு ஜன்னல் வைக்கச் சொல்லிவிட்டு வெளியூர் போகிறார். திரும்பி வந்து பார்த்தால் மூன்று ஜன்னல்! மகள் ரகசியமாகக் கிறிஸ்தவராகி, மூவொரு கடவுளின் அடையாளமாக ஒன்றைக் கூட்டிவிட்டாள். அப்பாவே அவள் தலையை வெட்டினார் என்கிறது புராணம்.

இரண்டாவது, அதே பெயர் கொண்ட அக்கா. சொன்ன பேச்சுக் கேட்காத பெண் என்று இளம் வயதிலேயே காப்பகம் காப்பகமாக அனுப்பப்பட்டவர். மூன்றாவது, போதையோடும் மருத்துவமனையோடும் தங்கை. மூன்று ஜன்னலுக்கு மூன்று திரை. இதை முதலில் கவனித்தபோது நான் வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். (இந்த 'நான்' நான்தான், அவர் இல்லை.)

சரி, மாத்திரை. 1988இல் சிகிச்சை பெற்றுப் பழைய போதையிலிருந்து மீண்டவர், 2014இல் மணிக்கட்டு அறுவை சிகிச்சைக்காக ஆக்சிகான்டின் சாப்பிட ஆரம்பித்தார். மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி நிவாரணி; அபின் வகை, அடிமையாக்கிவிடும், அளவு மீறினால் உயிரையே எடுக்கும். நாளுக்கு மூன்று, பதினெட்டு ஆனது. 2017இல் மறுபடி சிகிச்சை. வெளியே வந்ததும், இந்த மாத்திரையைச் செய்தவர்கள் யார் என்று தேடினார்.

[திரையில்: அருங்காட்சியகச் சுவர்]

பர்டியூ ஃபார்மா என்ற நிறுவனம். உரிமையாளர்கள் சாக்லர் குடும்பம். நம் ஊர்க் கோயில் ட்யூப் லைட்டில் வெளிச்சம் வருகிற இடத்தையெல்லாம் 'உபயம்' அடைத்துக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி மெட்ரோபாலிட்டன், பாரிஸின் லூவ்ர், நியூயார்க்கின் குகன்ஹெய்ம் என்று அருங்காட்சியகங்களில் சுவர் சுவராக இவர்கள் பெயர் இருந்தது. அந்த எகிப்தியக் கோயில் இருந்த பகுதிக்கே அப்போது சாக்லர் பெயர்தான். மாத்திரை அட்டையில் மட்டும் அந்தப் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. (நியாயத்துக்காக ஒன்று: சாக்லர் சகோதரர்களில் மூத்தவரான ஆர்தர் 1987இலேயே காலமாகிவிட்டார், ஆக்சிகான்டின் வந்தது 1996இல்.)

கோல்டின் செய்தது என்ன? சுவரில் இருந்த பெயரை எடுத்துப் புட்டியில் ஒட்டினார். குளத்தில் மிதந்த புட்டிகளின் லேபிளைப் படியுங்கள்: உங்களுக்கு இதைப் பரிந்துரைத்தவர்கள் சாக்லர்கள் என்று இருக்கும். இது போராட்டமா, கலையா என்று விமர்சகர்கள் சண்டை போடட்டும். என்னைக் கேட்டால், வீட்டில் மறைத்ததை ஊர் முன்னால் போட்டுக் காட்டும் அதே பழைய வேலை. இந்தத் தடவை வேறொரு வீடு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், கீழே எழுதுங்கள்.

2019 பிப்ரவரியில் குகன்ஹெய்ம். இந்த மாத்திரையின் அறிமுக விழாவில் ரிச்சர்ட் சாக்லர், மருந்துச் சீட்டுகள் பனிப்புயலாகப் பொழியும் என்று பேசியது நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்திருந்தது. பொழியட்டுமே! சுருள் சுருளாக ஏறும் அந்தக் கட்டடத்தின் மேல் தளங்களிலிருந்து ஆயிரக்கணக்கான போலி மருந்துச் சீட்டுகளைப் பறக்கவிட்டார்கள். வெள்ளைத் தாள்கள் மெதுவாகச் சுழன்று சுழன்று இறங்குகின்றன. உள்ளே நிஜமாகவே பனி.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும்: லூவ்ர் பெயரை எடுத்தது, 2021 டிசம்பரில் மெட்ரோபாலிட்டனும் எடுத்தது.

[திரையில்: காணொளி விசாரணை, சதுரம் சதுரமாக முகங்கள்]

2022 மார்ச் 10. குளத்தில் புட்டி விழுந்து சரியாக நான்கு வருடம். பர்டியூ திவால் வழக்கில், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் போதையிலிருந்து மீண்டவர்களும் பேசுவதைச் சாக்லர் குடும்பத்தினர் மூவர் காணொளி வழியாகக் கேட்க வேண்டியிருந்தது. கோல்டினும் பார்த்துக்கொண்டிருந்தார். தெரேசா சாக்லர், டேவிட் சாக்லர் இருவரும் திரையில் தெரிந்தார்கள். ரிச்சர்ட் ஒலியில் மட்டும் வந்தார். அவர் முகம் கடைசிவரை இல்லை.