பழைய வீட்டு ஜி.ஐ. குழாய்களில் நாமே எதுவரை கை வைக்கலாம்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். திருச்சியிலிருந்து ஒரு நேயர் அனுப்பியுள்ள கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். அவருடைய மாடி வீடு 1978-இல் கட்டப்பட்டது. சுவருக்குள் ஓடுபவை எல்லாம் ஜி.ஐ. எனப்படும் இரும்புக் குழாய்கள், தண்ணீர் போர்வெல் தண்ணீர். கீழ்த்தளச் சமையலறைக் குழாயில் தண்ணீர் மெலிதாக வருகிறது, குளியலறைச் சுவரில் ஈரம் பரவுகிறது. பார்க்க வந்த பிளம்பர் சுவரை முழுவதும் உடைக்க வேண்டும் என்கிறார். கடைக்காரரோ பிரஷர் பம்ப் வைத்தால் போதும் என்கிறார். தானே செய்து கொள்ள முடியுமா என்பது அவருடைய கேள்வி.

முடியும். ஆனால், சுவருக்குள் இருக்கும் பழைய குழாயைப் பழுது பார்க்கும் வேலையை மட்டும் தொடங்காதீர்கள். அதை அப்படியே செயலிழக்க விட்டுவிட்டு, சுவருக்கு வெளியே புதிய லைன் இழுப்பதுதான் இத்தகைய வீட்டில் நம் கைக்குள் அடங்கக்கூடிய வேலை. பிளம்பர் சொன்னதுபோல உடைக்கவும் தேவையில்லை, பாதியில் மாட்டிக் கொண்டு தவிக்கவும் தேவையில்லை.

எந்த வேலைக்கும் முன்பாக மொட்டை மாடிக்குச் சென்று, தொட்டியிலிருந்து கீழே இறங்கும் லைனில் உள்ள கேட் வால்வு உண்மையிலேயே மூடுகிறதா என்று பாருங்கள். பல ஆண்டுகளாகத் திருப்பப்படாத பித்தளை கேட் வால்வு இறுகிப் போயிருக்கும். பலம் கொடுத்துத் திருப்பினால் அதன் ஸ்பிண்டில் (நடுத் தண்டு) முறிந்து, உள்ளே இருக்கும் தகடு பாதி வழியிலேயே நின்றுவிடும். அதன் பிறகு திறக்கவும் வழியில்லை, மூடவும் வழியில்லை. ஆகவே, தொட்டியைக் காலி செய்துவிட்டு அந்த வால்வை எடுத்துப் புதிய பால் வால்வு (ball valve) ஒன்றைப் பொருத்துவதே உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும். அந்த இடம் திறந்த வெளியில், கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதால், கற்றுக் கொள்வதற்கும் அதுவே ஏற்ற இடம்.

அடுத்து, தண்ணீர் மெலிதாக வருவதன் காரணத்தைப் பார்ப்போம். சமையலறையில் மட்டும் மெலிதாக வந்து மற்ற இடங்களில் சரியாக வந்தால், குழாயின் முனையில் உள்ள வலையைக் கழற்றிப் பாருங்கள். உப்பும் துருத் துகள்களும் அடைத்திருக்கலாம். வலை சுத்தமாக இருந்தும் வேகம் கூடவில்லை என்றால், சிக்கல் குழாயின் உட்புறத்தில் இருக்கிறது. ஜி.ஐ. என்பது துத்தநாகப் பூச்சு கொண்ட இரும்பு. அந்தப் பூச்சு கரைந்த பிறகு உட்சுவரில் துரு கட்டி கட்டியாக வளரும். கடின நீராக இருந்தால் அதன்மேல் சுண்ணாம்பு உப்பும் படியும். உள்விட்டம் பாதியாகக் குறைந்தால் தண்ணீரும் பாதியாகத்தான் குறையும் என்று நாம் நினைப்போம். ஆனால், அதே உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இந்த நிலைக்கு வந்துவிட்ட குழாயை ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஏனெனில் பல இடங்களில் ஓட்டையை அடைத்துக் கொண்டிருப்பதே அந்தத் துருதான்.

சுவரிலிருந்து வெளியே நீட்டிக் கொண்டிருக்கும், திறந்து மூடும் பழைய குழாய் சொட்டினால், அதை முழுதாகக் கழற்ற முனைய வேண்டாம். ஜி.ஐ. குழாயில் மரை வெட்டிய இடத்தில்தான் இரும்பு மிகவும் மெலிந்திருக்கும், முதலில் அரிப்பதும் அந்த இடம்தான். வெளியே நீங்கள் ரெஞ்சால் திருகும்போது, சுவருக்குள் புதைந்திருக்கும் எல்போவும் (வளைவு இணைப்பு) சேர்ந்து சுழன்று மரையோடு முறிந்துவிட்டால், ஒரு வாஷர் மாற்றும் வேலை சுவரை உடைக்கும் வேலையாகிவிடும். திறந்து மூடும் அந்தக் குழாயின் உடலை ஒரு ரெஞ்சால் அசையாமல் பிடித்துக் கொண்டு, மேல் பகுதியை மட்டும் மற்றொன்றால் கழற்றி வாஷரை மாற்றினாலே பெரும்பாலான சொட்டல்கள் நின்றுவிடும்.

இனி புதிய லைன். இதற்குச் சி.பி.வி.சி. எனப்படும் பிளாஸ்டிக் குழாய் பொருத்தமானது, கீசர் தண்ணீரின் சூட்டையும் அது தாங்கும். சாதாரண யு.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயைச் சுடுநீருக்குப் பயன்படுத்தக் கூடாது. இரண்டையும் அரை அங்குலம் என்றே கடையில் சொல்வார்கள். ஆனால் அவற்றின் வெளிவிட்டம் வேறு வேறு என்பதால் ஒன்றின் எல்போ மற்றதற்குச் சேராது. ஒட்டும் சொல்யூஷனும் அந்தந்த வகைக்கு உரியதாகவே இருக்க வேண்டும். குழாயை நேராக வெட்டி, பிசிறை நீக்கி, இரு பக்கமும் சொல்யூஷன் தடவி, கால் சுற்று திருப்பிச் செருகிச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் விடுவதற்கு முன் டப்பாவில் குறித்துள்ள நேரம் காத்திருப்பது அவசியம், ஓர் இரவு விட்டுவிட்டால் இன்னும் நல்லது. பழைய இரும்போடு இணைக்கும் இடத்தில் மட்டும் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங்கை வாங்குங்கள். அதில் டெஃப்லான் டேப் சுற்றினால் போதுமானது; பழைய முறைப்படி சணலும் எண்ணெய் பெயின்டும் வைத்தால், அந்த எண்ணெய் சி.பி.வி.சி.யைப் பாதித்து நாளடைவில் விரிசல் விடச் செய்யும். மாடியில் வெயில் படும் பகுதிக்கும் எண்ணெய் பெயின்ட் ஆகாது, தண்ணீரில் கலக்கும் பெயின்ட்டைத்தான் அடிக்க வேண்டும்.

வீடியோக்களில் அதிகம் பேசப்படாத ஓர் ஆபத்தை இங்கே சற்று நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய வீடுகள் சிலவற்றில் மின்சார எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயிலேயே கட்டியிருப்பார்கள். முழுவதும் இரும்பாக இருந்தவரை அது எப்படியோ ஓடிக் கொண்டிருந்தது. நடுவில் நீங்கள் ஒரு முழம் பிளாஸ்டிக் குழாயைச் சேர்த்த கணத்தில் அந்த எர்த் அறுந்துவிடுகிறது. தண்ணீர் நன்றாக வரும், கீசரும் வேலை செய்யும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ஆனால் ஒரு நாள் கீசரில் மின்கசிவு ஏற்பட்டால், மின்சாரம் போவதற்கு அங்கே நிற்பவரின் உடல்தான் வழியாக இருக்கும். எனவே, குழாயை வெட்டுவதற்கு முன்பு ஓர் எலக்ட்ரீசியனை அழைத்து, வீட்டுக்குத் தனி எர்த் இருக்கிறதா என்று சோதித்து, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவி ஒன்றையும் பொருத்தச் சொல்லுங்கள். இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

குளியலறைச் சுவரின் ஈரத்துக்கு வருகிறேன். இரவில் மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தண்ணீர் லைன்தான் கசிகிறது. புதிய லைன் வந்ததும் அந்தக் கவலை தீரும். மட்டம் அப்படியே இருந்து, குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடினால், கழிவுநீர்ப் பக்கத்தில், பெரும்பாலும் நஹானி ட்ராப்பை (தரையில் தண்ணீர் வடியும் இடத்தில் பதித்துள்ள கிண்ணம்) சுற்றியுள்ள இணைப்பில்தான் கோளாறு இருக்கும். தரையைத் தோண்டும் அந்த வேலையை அனுபவமுள்ள கொத்தனாரிடமும் பிளம்பரிடமும் கொடுத்துவிடுங்கள். அதேபோல, மாடியிலிருந்து இறங்கும் சாம்பல் நிறக் குழாய் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமெண்ட்டால் ஆனதாக இருந்தால் அதை ரம்பத்தால் அறுக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

கடைசியாக, பிரஷர் பம்ப். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். உங்கள் தொட்டி சமையலறைக் குழாயைவிட ஆறு மீட்டர் உயரத்தில் இருந்தால் அங்கே அரைக் கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்கிறது. அடைப்பில்லாத புதிய லைனில் பாத்திரம் கழுவ அதுவே தாராளம். மாடிக் குளியலறைக்கு இரண்டு, மூன்று மீட்டர்தான் கிடைக்கும் என்பதால், ஷவருக்கு மட்டும் சிறிய பம்ப் ஒன்று தேவைப்படலாம். அதைப் புதிய லைனில் மட்டும் இணையுங்கள். துருவின் தயவில் நிற்கும் பழைய ஜி.ஐ. கிளைகள் அனைத்தையும் அதற்கு முன்பே துண்டித்து, முனைகளில் எண்ட் பிளக் போட்டு மூடியிருக்க வேண்டும்.